வைக்கோல் வண்டி: ஓர் ஆங்கில நிலக்காட்சி ஓவியம் கைமாறிய வரலாறு

'தி ஹே வெயின்' என்பது ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821ஆம் ஆண்டு வரைந்து முடித்த எண்ணெய் வண்ண ஓவியம். உலர்ந்த புல் ஏற்றும் வண்டி என்பது தலைப்பின் நேர்ப்பொருள். தமிழில் 'வைக்கோல் வண்டி' எனலாம். 130.2 செ.மீ. உயரமும் 185.4 செ.மீ. அகலமும் கொண்ட இவ்வோவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. 2005ஆம் ஆண்டு பிபிசி வானொலி, பிரிட்டனில் உள்ள மிகச்சிறந்த ஓவியம் எது என்று நேயர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது இது இரண்டாம் இடம் பெற்றது. டர்னரின் 'ஃபைட்டிங் டெமரேர்' முதலிடம் பெற்றது.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக்கே அடையாளமாகக் கருதப்படும் இந்த ஓவியத்தை, வரையப்பட்ட காலத்தில் வாங்குவதற்கு இங்கிலாந்தில் எவரும் முன்வரவில்லை. ஓவியரிடமிருந்து இதை முதலில் வாங்கியவர் பாரிஸ் நகர வணிகர் ஒருவர். பின்னர் தாய்நாடு திரும்பி, 65 ஆண்டுகள் கழித்து ஒரு தனிமனிதரின் கொடையால் இது பொதுச்சொத்தானது.

ஓவியரும் இடமும்

ஜான் கான்ஸ்டபிள் 1776ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று சஃபோக் மாவட்டத்தின் ஈஸ்ட் பெர்க்ஹோல்ட் சிற்றூரில் பிறந்தார். தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் தானிய வணிகர். ஸ்டவர் ஆற்றங்கரையில் ஃபிளாட்ஃபோர்டு என்னுமிடத்தில் அவருக்கு ஒரு நீராலை இருந்தது. ஓவியத்தில் காணப்படும் காட்சி அந்த ஆலையின் அருகில் உள்ளது. இடப்புறம் நிற்கும் வீடு வில்லி லாட் என்னும் குடியானவருடையது. நடுவே, ஆழமற்ற ஆற்றில் வெற்று வண்டி நிற்கிறது. வலப்புறம் தொலைவில் உள்ள புல்வெளியில் ஆட்கள் புல் அறுத்து இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கின்றனர்.

கோடைக்கால நண்பகலைக் காட்டும் இந்த ஓவியம் 1820-21 குளிர்காலத்தில் லண்டனில் உள்ள ஓவியரின் வீட்டில் உருவானது. முன்பு நேரில் வரைந்து வைத்திருந்த சிறு ஓவியங்களை ஆதாரமாகக் கொண்டு, முதலில் அதே அளவில் ஒரு முன்வரைவைத் தீட்டினார். வண்டியின் அமைப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஆலையைக் கவனித்துவந்த தம்பி ஆப்ரம் வழியாக ஊரிலிருந்து வண்டியின் படம் ஒன்றை வரைந்து அனுப்பச் செய்தார். பின்னாளில் ஓர் இலட்சியக் கனவாகப் பார்க்கப்பட்ட இக்காட்சியில், தொழில் தெரிந்த ஆலைக்காரர் மகனின் கண்டிப்பும் உண்டு.

விலைபோகாத ஓவியம்

1821ஆம் ஆண்டு ராயல் அகாதமி கண்காட்சியில் 'நிலக்காட்சி: நண்பகல்' என்ற தலைப்பில் இது வைக்கப்பட்டது. 'ஹே வெயின்' என்பது ஓவியரின் நெருங்கிய நண்பரும் சமயகுருவுமான ஜான் ஃபிஷர் கடிதத்தில் பயன்படுத்திய பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

கண்காட்சியில் ஓவியம் விற்கவில்லை. அக்கால இங்கிலாந்தில் வரலாறு, புராணம், விவிலியம் சார்ந்த ஓவியங்களுக்கே உயர்மதிப்பு இருந்தது. ஆறடி அகலக் கித்தானில் ஒரு சேற்று ஆற்றையும் பண்ணை வண்டியையும் வரைவது பலருக்கு விளங்கவில்லை. ஈரத்தின் பளபளப்பைக் காட்ட அவர் ஆங்காங்கே தெளித்த வெண்புள்ளிகளைச் சிலர் முடிவுறாத வேலை என்றே கருதினர். ஆனால் அதே கண்காட்சியைக் கண்ட பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவும் எழுத்தாளர் சார்ல் நோதியேயும் இதைப் பெரிதும் வியந்தனர்.

1822இல் பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூஷனில் மீண்டும் காட்சிக்கு வைத்தபோதும் வாங்குவோர் இல்லை. பாரிஸில் ஓவிய வணிகம் செய்த ஜான் ஆரோஸ்மித் 70 பவுன் தருவதாகச் சொன்னார். மனைவியும் வளரும் குடும்பமும் இருந்த கான்ஸ்டபிளுக்குப் பணத்தேவை இருந்தது. எனினும் அந்த விலைக்குக் கொடுக்க அவர் மறுத்தார். ஃபிஷருக்கு இதை வாங்க ஆசை இருந்தும் வசதி போதவில்லை. பாரிஸுக்கு விற்றுவிடும்படி ஃபிஷரே பின்னர் அறிவுறுத்தினார். அயலார் புகழ்ந்தால்தான் உள்ளூரார் மதிப்பர் என்பது அவர் எண்ணம்.

பாரிஸ், 1824

1824இல் ஆரோஸ்மித் மீண்டும் வந்தார். 'ஹே வெயின்', 'டெடம் அருகே ஸ்டவர் ஆற்றுக்காட்சி' என்ற இரு பெரிய ஓவியங்களையும், உடன் யார்மத் கடற்கரையைக் காட்டும் சிறிய ஓவியம் ஒன்றையும் சேர்த்து 250 பவுனுக்குக் கான்ஸ்டபிள் விற்றார். அவ்வாண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. இயற்கையின் பச்சையைப் பழுப்பாக்காமல் பச்சையாகவே வரைந்த துணிவு பிரெஞ்சு ஓவியர்களை ஈர்த்தது. இளம் ஓவியர் டெலக்ரோவா இவற்றைக் கண்டபின் தமது 'கியோஸ் படுகொலை' ஓவியத்தின் சில பகுதிகளைத் திருத்தி வரைந்தார் எனக் கலை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்லஸ் கான்ஸ்டபிளுக்குத் தங்கப் பதக்கம் வழங்கினார்.

பிரெஞ்சு அரசு 'ஹே வெயின்' ஓவியத்தை வாங்க விரும்பியது. ஆனால் ஆரோஸ்மித் இரு பெரிய ஓவியங்களையும் பிரித்து விற்க உடன்படவில்லை. பேச்சு முறிந்தது. அன்று அவர் இசைந்திருந்தால் இங்கிலாந்தின் அடையாளமான ஓவியம் இன்று பாரிஸ் லூவரில் இருந்திருக்கும்.

கான்ஸ்டபிள் பாரிஸுக்குச் செல்லவில்லை. வாழ்நாளில் அவர் ஒருமுறைகூட இங்கிலாந்தை விட்டு வெளியேறியதில்லை. பாரிஸில் பதக்கம் பெற்ற பிறகும் ராயல் அகாதமியின் முழு உறுப்பினராக அவர் 1829இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 52. மனைவி மரியா அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். 1837 மார்ச் 31 அன்று கான்ஸ்டபிள் காலமானார்.

தாய்நாடு திரும்புதல்

கான்ஸ்டபிள் மறைந்த ஆண்டிலேயே அவருடைய நண்பர்களும் ஆர்வலர்களும் சந்தா திரட்டி, 'தானிய வயல்' என்ற அவரது ஓவியத்தை வாங்கித் தேசிய ஓவியக்கூடத்துக்கு அளித்தனர். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயும் அதற்குப் பணம் தந்தவர்களுள் அடங்குவர். தேசிய ஓவியக்கூடத்துக்குள் கான்ஸ்டபிள் நுழைந்தது இவ்வாறு பொதுமக்கள் பணத்தில்தான்.

'ஹே வெயின்' பிரான்சிலிருந்து இங்கிலாந்து திரும்பி, தனியார் வீடுகளிலும் வணிகர்களிடமும் இருந்தது. டி. டி. ஒயிட் என்ற வணிகர் கைக்கு வந்து, அவரிடமிருந்து ஜார்ஜ் யங் என்பவருக்குச் சென்றது. யங் மறைந்தபின் 1866இல் அவரது சேகரிப்பு விற்பனைக்கு வந்தது. அப்போது ஹென்றி வாகன் இதனைப் பெற்றார்.

ஹென்றி வாகனின் கொடை

ஹென்றி வாகன் தொப்பி உற்பத்தியில் செல்வம் ஈட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பெற்ற செல்வத்தைக் கலைப்பொருள் சேகரிப்பில் செலவிட்டார். 1886இல், தாம் உயிரோடு இருக்கும்போதே, 'ஹே வெயின்' ஓவியத்தைத் தேசிய ஓவியக்கூடத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். 1899இல் அவர் இறந்தபின், விருப்ப ஆவணத்தின்படி இதன் முழு அளவு முன்வரைவு இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஆக, முன்வரைவும் ஓவியமும் லண்டனிலேயே பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன.

தாம் சேகரித்த டர்னரின் நீர்வண்ண ஓவியங்களை அவர் எடின்பரோ, டப்ளின் நகரங்களின் தேசிய ஓவியக்கூடங்களுக்கும் எழுதிவைத்தார். அவை ஒளியால் மங்காதிருக்க, வெளிச்சம் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டும், கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அது இன்றும் பின்பற்றப்படுகிறது.

உடன்பிறந்த ஓவியங்களின் கதி

1819 முதல் 1825 வரை கான்ஸ்டபிள் ஸ்டவர் ஆற்றை வைத்து ஆறு பெரிய ஓவியங்களை வரைந்தார். 'ஹே வெயின்' அவற்றுள் மூன்றாவது. மற்றவை சென்ற வழி இந்தக் கொடையின் அருமையை உணர்த்தும்.

முதலாவதான 'வெள்ளைக் குதிரை' ஓவியத்தை ஃபிஷர் 100 கினிக்கு வாங்கினார். பின்னர் அமெரிக்க வங்கியாளர் ஜே. பி. மார்கன் கைக்குப் போய், இன்று நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பில் உள்ளது. இரண்டாவதான 'ஸ்டிராட்ஃபோர்டு ஆலை' வாரிசு வரிக்கு ஈடாகப் பெறப்பட்டு, 1987இல் தேசிய ஓவியக்கூடம் சேர்ந்தது. 'ஹே வெயின்' உடன் பாரிஸ் சென்ற நான்காவது ஓவியம் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் உள்ளது. ஐந்தாவதான 'மதகு' தனியாரிடமே இருந்து, 2012இல் லண்டன் ஏலத்தில் 2.24 கோடி பவுனுக்கு விற்பனையானது. ஆறாவதான 'தாவும் குதிரை' ராயல் அகாதமியிடம் உள்ளது.

பொதுச்சொத்தான பின்

எல்லோருக்கும் உரிய ஓவியம் என்பதால் எல்லோரும் உரிமை கொண்டாடுகின்றனர். 1980இல் கலைஞர் பீட்டர் கென்னார்ட், இந்த வண்டியில் ஏவுகணைகள் ஏற்றப்பட்டிருப்பதுபோல் ஒட்டுப்படம் உருவாக்கி அணு ஆயுதங்களை எதிர்த்தார். 2013இல் தந்தையர் உரிமைக்காகப் போராடிய ஒருவர் ஓவியத்தின்மீது புகைப்படம் ஒன்றை ஒட்டினார். 2022 ஜூலையில் எண்ணெய் எடுப்பை எதிர்க்கும் இருவர், காட்சியைச் சாலைகளும் விமானங்களுமாக மாற்றிக் காட்டும் தாள்களை அதன்மீது ஒட்டி, தங்கள் கைகளைச் சட்டத்தோடு பசையால் ஒட்டிக்கொண்டனர். இரு நிகழ்வுகளிலும் ஓவியத்துக்கு நிலையான சேதம் ஏற்படவில்லை.

இந்த அமைதியான காட்சி வரையப்பட்ட காலம் அவ்வளவு அமைதியானதன்று. நெப்போலியன் போர்களுக்குப்பின் தானிய விலை சரிந்து, வேளாண் கூலிகள் வேலையின்றி வாடினர். 1822இல் சஃபோக், நார்ஃபோக் பகுதிகளில் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கலகம் செய்தனர். ஓவியத்தில் புல் அறுப்போர் மிகத் தொலைவில் சிறு வெண்புள்ளிகளாக மட்டுமே தெரிவதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

இத்தகைய கேள்விகளும் இந்த ஓவியத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே. 1822இல் 70 பவுன் மட்டுமே மதிக்கப்பட்ட ஓவியத்துக்கு இன்று சந்தை விலை என்று ஒன்றில்லை, அது விற்பனைக்குரியதன்று. லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்துக்குச் செல்லும் எவரும் கட்டணமின்றி அதைக் காணலாம்.