கல்கத்தா மேனேஜரும் ஆஸ்திரேலியத் தீர்ப்பும்

போன வாரம் ரூம்மேட்டை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. "உன்னைப் பத்திப் பேச்சு வருது"ன்னாங்களாம். என்ன பேச்சு, யார் சொன்னது? பதில் இல்ல. பய சரியா சாப்பிடல. அவனுக்காகச் சட்டம் தேடப் போய், கல்கத்தாவுல போய் நின்னேன் மக்களே!

அங்கே கிராமபோன் கம்பெனி மேனேஜர் அடிஸ். 1905ல் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தாங்க, கூடவே அவர் நாற்காலியில் இன்னொருத்தரை உட்கார வெச்சுட்டாங்க. வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. 1909ல் தீர்ப்பு: சம்பளம், கமிஷன் உண்டு, அனுப்பின விதத்தால் பட்ட அவமானத்துக்குக் காசு கிடையாது. ஆஸ்திரேலியக் கோர்ட்டுகளும் இதையே பிடிச்சுக்கிட்டு நூறு வருஷத்துக்கு மேல ஓட்டின.

அதை அசைச்சது பார்வையற்றோருக்கான விஷன் ஆஸ்திரேலியா மேல எலிஷா என்ற ஊழியர் போட்ட வழக்கு. விடுதியில முரட்டுத்தனமா நடந்தார்னு புகார் வந்து 2015ல் நீக்கிட்டாங்க. "ஏற்கனவே இவர் இப்படித்தான்"கிற மாதிரி மேனேஜர் சொன்னதும் முடிவுல கலந்திருந்தது. அந்தப் பேச்சை அவர்கிட்ட யாரும் கேட்கவே இல்ல. மனுஷன் கடும் மனச்சோர்வில் விழுந்தார். விக்டோரியாவில் ஜெயிச்சு, அப்பீலில் தோத்து, 2024 டிசம்பர் 11ல் ஹைகோர்ட்டில் (இங்கே உச்சநீதிமன்றம் அதுதான்) மறுபடி ஜெயிச்சார். சுமார் 14.4 லட்சம் டாலர்! விசாரணை முறையும் ஒப்பந்தத்தின் பகுதி, அதை மீறி மனநோய் வந்தா ஈடு உண்டுன்னு சொல்லிட்டாங்க. வெறும் மனவருத்தத்துக்கு இது பொருந்தாது.

நம்மாளுக்கு அவ்வளவு தூரம் வேணாம். ஃபேர் வொர்க் கமிஷனில் 21 நாளுக்குள்ள மனு போடணும். குறைஞ்சது ஆறு மாச வேலை. 15 பேருக்குக் குறைவான கடைன்னா ஒரு வருஷம். இவனுக்கு எட்டு மாசம். கடையில எத்தனை பேர்னு ரெண்டு பேரும் விரல் விட்டு எண்ணிட்டிருக்கோம். இப்போதைக்குப் பதினாலு.