தொட்டிமாற்றத்துக்குப் பிந்தைய நீரும் உரமும் (தில்லி)

தொட்டிமாற்றப் பராமரிப்பு என்பது, தொட்டி மாற்றிய செடி புதுவேர் விடும்வரை அதற்கு நீரும் உரமும் அளிக்கும் தோட்டக்கலை முறை. தில்லியில் இது பருவத்தைப் பொறுத்தது. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, ‘லூ’ எனும் வறண்ட மேல்காற்று வீசும்போது, இலைகள் இழக்கும் நீரை அறுபட்ட வேர்களால் ஈடுகட்ட முடியாது. ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களும் மழைக்காலமும் தொட்டிமாற்றத்துக்கு உகந்தவை.

நட்டவுடன் அடித்துளையில் வடியும்வரை நீர் விடுவது, வேருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள காற்றிடைவெளிகளை மூடவே. பிறகு விரலை இரண்டு அங்குலம் நுழைத்து, மண் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். இலை வாடினால் தாகம் என்றே பலரும் கொள்கின்றனர். ஆனால் நீர் தேங்கி மூச்சுத் திணறும் வேரும் இலையை வாடச்செய்யும். வேர்ப்பந்து களிமண்ணாக இறுகியிருந்தால், சுற்றியுள்ள புதுக்கலவையின் தென்னைநார்க் கழிவு நனைந்தும் நடுப்பகுதி உலர்ந்தே நிற்கும். எனவே விரல்சோதனை தண்டை ஒட்டியே நடக்க வேண்டும்.

நலிந்த செடிக்கு உடனே ஊட்டம் தேவை என்ற வாதம் இரக்கத்தில் பிறந்தது, ஆனால் பொருந்தாது. யூரியா, டிஏபி போன்ற வேதியுரங்களின் உப்பு, காயம்பட்ட வேர் நீர் உறிஞ்சுவதைத் தடுக்கும். தில்லியின் பல பகுதிகளில் நிலத்தடி நீரே உவர்ப்பானது. அங்கு இந்த உப்புச்சுமை இன்னும் கூடும். கலவையில் சேர்த்த மக்கிய எருவோ மண்புழு உரமோ தொடக்கத்துக்குப் போதும். புதுத்தளிர் கண்டபின், பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்கள் கழித்து, ஈரமண்ணில் பாதியளவு உரம் இடலாம்.