1909: சூரியனையும் மூக்கையும் அளந்தவர்கள்

1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது. அது இன்னைக்கும் 'எவர்ஷெட் விளைவு' என்ற பெயரில் பாடப்புத்தகத்தில் இருக்கு.

அதே 1909-ல்தான் எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர், ஊர் ஊராகப் போய் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். பழனி மலைக்காடுகளில் வாழும் பளியரும் அந்த நூலில் உண்டு.

மூக்கு எதுக்கு? அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். 85-க்கு மேல் போனால் 'அகன்ற மூக்கு'. ஹெர்பர்ட் ரிஸ்லி, 1901 சென்சஸின் கமிஷனர், இதை வைத்து ஒரு விதியே சொன்னார்: மூக்கு அகலமாக அகலமாக சாதிப் படிநிலை கீழே போகும். கணக்குத் தப்பில்லை, அளவுகோலும் தப்பில்லை. ஆனால் எந்த எண்ணை வைத்தும் யாரையும் வரிசைப்படுத்தலாம். டேட்டாபேஸில் 'ஆர்டர் பை' போட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும். டேட்டா ஒருபோதும் ஆட்சேபிக்காது.

1923-ல் தாம்சனும் பக்ஸ்டனும் மூக்கின் அகலம் தட்பவெப்பத்தோடு சேர்ந்து மாறுவதைக் காட்டினார்கள். 1932-ல் ஜி. எஸ். குர்யே, ரிஸ்லியின் விதி உத்தரப்பிரதேசப் பகுதியைத் தாண்டினால் நிற்கவில்லை என்று எழுதினார். கதை முடிஞ்சுது.

இதில் சுவாரஸ்யம் என்னன்னா, 1960-களில் பீட்டர் கார்ட்னர் பளியரோடு தங்கி ஆராய்ந்தபோது அவர் கண்டது அளவுகோலில் வராத ஒன்று. அதிகாரம் செலுத்தும் தலைவர் கிடையாது. போட்டியைத் தவிர்க்கிறார்கள். சண்டை முற்றினால் ஒருவர் விலகிப் போய்விடுவார். குழந்தையைக்கூட மட்டம்தட்டுவதில்லை. ஏணியின் அடியில் வைக்கப்பட்டவர்களிடம் ஏணியே இல்லை.

இப்போ அமெரிக்காவில் சில கம்பெனிகள் ஐவிஎஃப் கருக்களுக்கு ஸ்கோர் போடுகின்றன. ஆயிரக்கணக்கான ஜீன் வேறுபாடுகளின் சின்னச்சின்னத் தாக்கங்களைக் கூட்டி, நோய் அபாயம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று வரிசை. தலசீமியா கடத்தும் பெற்றோர் கருவைச் சோதிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அது ஒரு குறிப்பிட்ட நோய். 'சிறந்த கரு' என்பது வேறு கேள்வி, அங்கே ரிஸ்லி திரும்ப வருகிறார். நம்ம நாட்டில் 1994 சட்டம், பட்டியலிட்ட கோளாறுகளுக்கு மட்டுமே சோதனையை அனுமதிக்கிறது. 2003-லிருந்து கருத்தரிப்புக்கு முந்தைய பாலினத் தேர்வுக்கும் தடை உண்டு. பெண் சிசுக்களை இழந்த பிறகு வந்த சட்டம் அது.

இன்னொன்று. இந்த ஸ்கோர்களுக்கான தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. மற்றவர்களிடம் துல்லியம் குறைகிறது. தாண்டிக்குடிக்கு மேலே ஒரு பளியர் குழந்தைக்கு அதைப் போட்டுப் பார்த்தாலும் ஒரு எண் வரத்தான் செய்யும், ரெண்டு தசம ஸ்தானத்தோடு.