மார்ஹாரித் ஃபூலுப் (1837–1909)

பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள பிரித்தானியின் நாட்டார் பாடகி, கதைசொல்லி. பிரெஞ்சு நூல்களில் இவர் பெயர் மார்கெரித் ஃபிலிப் என்று காணப்படும். தக்களியில் நூல் நூற்றும், பிறர் சார்பாகப் புனிதத் தலங்களுக்கு நடந்தும் வயிறு கழுவிய ஏழைப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. பேசியதும் பாடியதும் பிரெத்தோன் மொழியில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறிய பிரெத்தோன் கதைப்பாடல்களிலும் கதைகளிலும் பெரும் பங்கு இவர் வாய்மொழியாகத் தந்தது. இன்றைய மேடைக் கலைஞர்களைப் போல இவரைப் பாடகி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பிரெத்தோன் பாட்டின் வரலாற்றை இவர் பெயரைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது.

ஊரும் பிழைப்பும்

மார்ஹாரித் பிறந்து வளர்ந்து இறந்தது ப்ளூஸுனே என்னும் சிற்றூரில். பிரித்தானியின் வடகரையை ஒட்டிய ட்ரெகோர் வட்டாரத்தில், லான்யோன் நகருக்குத் தென்கிழக்கே உள்ளது இவ்வூர். சற்றுத் தொலைவில் 302 மீட்டர் உயரமுள்ள மெனேஸ் ப்ரே குன்று. அதன் உச்சியில் புனித எர்வே பெயரால் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. எர்வே பார்வையற்றவர் என்றும், பாடகர்களுக்குக் காவலர் என்றும் மக்கள் நம்பினார்கள்.

ட்ரெகோர் ஆளி விளையும் மண். ஆளி நாரை நூற்று லினன் துணி நெய்வது பிரித்தானியின் வடபகுதிக்கு நெடுநாள் சோறு போட்ட தொழில். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆலை நூலும் பருத்தியும் அந்தத் தொழிலின் முதுகை ஒடித்தன. மார்ஹாரித் தக்களி பிடித்த காலத்தில் கைநூற்புக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம். ஆனால் நூற்புக்கு வேறொரு பயன் இருந்தது. குளிர்கால இரவுகளில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டு அடுப்படியில் கூடுவார்கள். பெண்கள் நூல் நூற்பார்கள். ஆண்கள் கூடை முடைவார்கள், கருவிகளைச் சீர்செய்வார்கள். கையில் வேலை நடக்க, பாட்டும் கதையும் ஓடிக்கொண்டிருக்கும். வாய்மொழி மரபு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

அவருடைய இன்னொரு தொழிலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பிரித்தானியில் ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. காய்ச்சலுக்கு ஒருவர், கண் நோய்க்கு ஒருவர், மாடு கன்றுக்கு ஒருவர். ரோம் திருச்சபையின் பட்டியலில் இவர்களில் பலருக்கு இடமில்லை. ஊர் மக்களின் நம்பிக்கையில் இருந்தது. நேர்ந்துகொண்டவர் படுத்த படுக்கையாகக் கிடந்தால், அல்லது வயல் வேலையை விட்டு நகர முடியாமல் போனால், நேர்த்திக்கடனை அவர் சார்பில் செலுத்த ஓர் ஆளை அமர்த்துவார். அந்த ஆள் குறித்த ஆலயத்துக்கு நடந்தே போய், சொல்ல வேண்டிய செபங்களைச் சொல்லி, ஆலயத்தை வலம்வந்து, சுனை நீரை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். மார்ஹாரித் அப்படிப்பட்ட கூலி யாத்திரிகர். ஆண்டின் பெரும்பகுதி சாலையிலேயே கழிந்தது.

நாட்டாரியல் நூல்கள் இவருடைய நினைவாற்றலை வியந்து பேசுகின்றன. வியக்கத்தக்கதுதான், ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி விளக்கமே. ஒரே ஊரில் கிடந்தவருக்கு அந்த ஊர்ப் பாட்டுதான் கிடைக்கும். இவரோ ஊர் ஊராக நடந்தார். இரவில் அந்நியர் வீட்டு அடுப்படியில் ஒதுங்கினார். திருவிழாக் கூட்டங்களில் நின்று கேட்டார். பிச்சைக்காரர், ஊர் சுற்றும் தையற்காரர், நூற்கும் பெண்கள் ஆகியோரே பிரெத்தோன் கதைப்பாடல்களைச் சுமந்து சென்றவர்கள். மார்ஹாரித்தின் ஏழைமைதான் அவரை இந்தச் சாலைகளில் இறக்கிவிட்டது.

அவர் பாடியவை

பிரெத்தோன் நாட்டார் பாட்டில் இரண்டு பெரும் பிரிவுகளைச் சேகரிப்பாளர்கள் காண்கிறார்கள். ‘சோன்’ என்பது காதல், கேலி, குருமட மாணவர்களின் ஏக்கம் முதலியவற்றைப் பாடும் இலகுவான பாட்டு. ‘க்வெர்ஸ்’ நீண்ட, துயரம் தோய்ந்த கதைப்பாடல்: கொலை, கப்பற்சேதம், கொள்ளைநோய், கன்னியர் கடத்தப்படுதல், பிரபுக்களின் அடாவடி, புனிதர்களின் அற்புதம். மார்ஹாரித் இரண்டையும் அறிந்திருந்தார்; அவருக்குத் தெரிந்த பாடல்கள் இருநூறுக்கும் மேல்.

க்வெர்ஸ் பாடுவோர் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் விடாப்பிடியாகக் காப்பாற்றுவார்கள். சமய உள்நாட்டுப் போரின்போது பிரித்தானியைச் சூறையாடி, 1602இல் பாரிசில் சக்கரத்தில் கட்டிக் கொல்லப்பட்ட ஃபோந்தனெல் என்னும் பிரபுவைப் பற்றிய பாடல், இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் எழுத்தறியாத உழவர்களின் வாயில் வாழ்ந்தது. தொழுநோயால் காதல் சிதைந்த யானிக் கோகாரின் கதையும் அப்படியே. அவன் ஊர் ப்ளூமில்லியோ என்பதைப் பாட்டு மறக்கவில்லை. வரலாற்றாசிரியர் எவா கியோரெல் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பாடல்களை நீதிமன்ற ஆவணங்களோடு ஒப்பிட்டு, 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையிலான பிரித்தானியின் சமூக வரலாற்றுக்கு அவை நம்பத்தக்க சான்றுகள் என்று காட்டினார்.

லூஸெலும் ஒரு சண்டையும்

மார்ஹாரித்தின் பாடல்களை எழுதிக்கொண்டவர் ஃபிரான்சுவா-மரி லூஸெல் (1821–1895). பக்கத்து ஊரான ப்ளுவாரேயில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியர், இதழாளர், நீதிபதி எனப் பல வேலைகள் பார்த்து, 1881 முதல் கெம்பேர் நகரில் ஆவணக் காப்பாளராக இருந்தார். கதைப்பாடல்களை 1868இலும் 1874இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1887இல் மூன்று தொகுதிகளாகக் கதைகள் வந்தன. 1890இல் இளைய நண்பர் அனத்தோல் லெ ப்ராசுடன் சேர்ந்து சோன் தொகுப்பு கொண்டுவந்தார். இந்த வரிசை நெடுகிலும் மார்ஹாரித்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ப்ளுவாரேயின் பார்பா தாசெலைச் சேர்த்தால், லூஸெலின் தலையாய தகவலாளிகள் இருவரும் பெண்கள்.

அந்தப் பெயர்கள் அச்சில் நிற்பதற்கு ஓர் இலக்கியச் சண்டை காரணம். 1839இல் லா வில்மார்க்கே என்னும் பிரபுகுல இளைஞர் ‘பார்ஸாஸ் பிரெய்ஸ்’ என்ற பாடல் தொகுப்பை வெளியிட்டிருந்தார். பாரிசு அதைக் கொண்டாடியது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அது மொழிபெயர்க்கப்பட்டது. ஆனால் பாடல்கள் மெருகேற்றப்பட்டிருந்தன. பழமையும் பெருமையும் செயற்கையாகக் கூட்டப்பட்டிருந்தன. யாரிடம் கேட்டது என்ற விவரத்தையும் ஆசிரியர் ஒழுங்காகத் தரவில்லை. ஓர் எடுத்துக்காட்டு போதும். மக்கள் பாடிய லெஸோப்ரே, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓப்ரே என்ற இடத்துப் பிரபு. லா வில்மார்க்கேயின் கையில் அவர் லெஸ்-பிரெய்ஸ் ஆகி, 9ஆம் நூற்றாண்டில் ஃபிராங்கியரை எதிர்த்த மன்னன் மோர்வானாக உருமாறினார்.

லூஸெலுக்கு இது பொறுக்கவில்லை. 1872இல் அந்தத் தொகுப்பின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கி ஒரு சிறுநூல் எழுதினார். குற்றம் சாட்டுபவர் தம் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமல்லவா? அவர் தொகுப்புகளில் பாடலின் அடியில் பாடியவர் பெயர், ஊர், பெரும்பாலும் ஆண்டு ஆகியவை குறிக்கப்பட்டன. வேறுபாடங்கள் அருகருகே வைக்கப்பட்டன. பிரெத்தோன் மூலத்தோடு பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் இடம்பெற்றது. அக்காலச் சேகரிப்பாளர்கள் பலர் “மக்கள்” என்ற பொதுப்பெயரில் தகவலாளிகளைப் புதைத்துவிட்டபோது, ப்ளூஸுனேயின் நூற்புக்காரிக்குப் பெயர் கிடைத்தது இப்படித்தான். லூஸெலின் நேர்மையைப் பாராட்டலாம். எதிராளியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் கலந்திருந்தது என்று சொன்னால் தவறில்லை.

இரு எதிரிகளும் 1895ஆம் ஆண்டிலேயே இறந்தார்கள். லா வில்மார்க்கேயின் களக் குறிப்பேடுகள் 1964இல் ஆய்வாளர் தோனாஸியன் லோரானின் பார்வைக்குக் கிடைத்தன. பாடல்களில் பலவற்றை அவர் உண்மையிலேயே களத்தில் கேட்டு எழுதியிருந்தார் என்பது அவற்றால் தெளிவாயிற்று. லோரானின் ஆய்வு 1989இல் நூலானது. ஆகவே ‘பார்ஸாஸ் பிரெய்ஸ்’ முழுப் புனைவு என்ற பழைய தீர்ப்பு இன்று நிற்காது. அச்சில் திருத்தி எழுதினார் என்ற குற்றச்சாட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

லூஸெலிடமும் குறை உண்டு. சொற்களை எழுதிக்கொண்டார், மெட்டை எழுதவில்லை. எத்தனையோ அடிகள் நீளும் க்வெர்ஸ் அவர் நூலில் கவிதையாகக் கிடக்கிறதே தவிரப் பாட்டாக இல்லை. கதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்தே வெளியிட்டார். மார்ஹாரித் சொன்ன மொழியில் அவற்றைப் படிக்க விரும்பிய வாசகர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் ஃபிரான்சுவாஸ் மோர்வான் லூஸெலின் எழுத்துகளை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

மெழுகில் பதிந்த குரல்

1900இல் மொழியறிஞர் ஃபிரான்சுவா வாலே ஒரு ஃபோனோகிராஃப் கருவியின் முன் மார்ஹாரித்தைப் பாடவைத்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பிரெத்தோன் மொழியில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒலிப்பதிவுகளில் அவையும் அடங்கும். அதே ஆண்டில்தான் கேங்காம் நகரில் படித்த கனவான்கள் கூடி, வேல்சைப் பார்த்து, பிரித்தானிக்கும் ஒரு துருயித் பாவலர் சபையை நிறுவினார்கள். பண்டைப் பாவலர்களின் வாரிசுகள் என்று தங்களை அவர்கள் அழைத்துக்கொண்ட பொருத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே மரியாதை.

ஒரு மெழுகு உருளையில் சில நிமிடங்களே பிடிக்கும். கருவியின் குழலுக்கு நேரே வாயை வைத்து உரக்கப் பாட வேண்டும். நீண்ட கதைப்பாடலின் முதல் சில கண்ணிகள் பதிவாவதற்குள் உருளை முடிந்துவிடும். போதாததற்கு, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஊசி மெழுகைத் தேய்த்துக்கொண்டே போகும். ஆனாலும் லூஸெலால் தர முடியாத ஒன்றை உருளைகள் தந்தன: மெட்டு, மூச்சு விடும் இடம், ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே மெட்டு நுட்பமாக மாறும் விதம்.

இசையமைப்பாளர் மோரிஸ் துயாமெல் அந்த உருளைகளையும் தம் களச் சேகரிப்பையும் பயன்படுத்தி, 1913இல் ஒரு பெரிய இசைத் தொகுப்பை வெளியிட்டார். லூஸெலும் லெ ப்ராசும் அச்சிட்ட பாடல்களுக்குரிய மெட்டுகளைத் தேடிச் சேர்ப்பதுதான் அதன் நோக்கம். பிரெத்தோன் மெட்டுகள் செவ்வியல் இசையின் இரண்டு சுரவரிசைகளுக்குள் அடங்காதவை என்பதை அவர் அதற்கு முன்பே எழுதியிருந்தார். இந்தத் தொகுப்பு அச்சில் வந்தபோது மார்ஹாரித் உயிரோடு இல்லை. 1909இல் ப்ளூஸுனேயில் இறந்திருந்தார்.

பின்வந்தவை

மார்ஹாரித்தின் இறுதிக் காலத்தில் ஊர்ப் பள்ளிகள் பிரெஞ்சுமயமாகிவிட்டன. வகுப்பில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பு போன்ற ஏதாவது ஒரு பொருளைத் தொங்கவிட்டு அவமானப்படுத்தும் தண்டனை பரவலாக இருந்தது. முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் பிறகு வீட்டிலும் மொழி மாறத் தொடங்கியது. 2018இல் எடுக்கப்பட்ட கணிப்பில் பிரெத்தோன் பேசுவோர் சுமார் 2 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் முதியோர்.

பாட்டு அந்த அளவுக்கு நசியவில்லை. 1959இல் கிளோதின் மாஸேயா, மரத்தில் காலணி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த பெர்த்ரான் அம்மையாரைப் பதிவு செய்தார். வாய்மொழி க்வெர்ஸ் அரை நூற்றாண்டு கழித்தும் உயிரோடு இருந்ததற்கு அந்தப் பதிவு சான்று. 1972இல் தொடங்கப்பட்ட தாஸ்தும் என்னும் அமைப்பு பிரித்தானியெங்கும் இளைஞர்களை ஒலிப்பதிவுக் கருவியோடு முதியவர்களிடம் அனுப்பியது. யான்-ஃபாஞ்ச் கெமெனெர் (1957–2019) அந்தத் தலைமுறையில் வந்தவர். தாமே சேகரித்த பாடல்களைத் துணைக்கருவி இன்றியும், பின்னர் பியானோ கலைஞர் திதியே ஸ்கிபானுடனும் பாடி, க்வெர்ஸை இசையரங்குக்குக் கொண்டுசென்றார். இன்றைய பாடகர்கள் பலர் புதிய க்வெர்ஸ் ஒன்றைக் கற்க விரும்பும்போது லூஸெலின் சொற்களையும் துயாமெலின் மெட்டுகளையும் அருகருகே வைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு நூல்களிலும் மார்ஹாரித் இருக்கிறார்.

பிரெத்தோன் கதைப்பாடலைப் புதிதாக அறிய விரும்புவோர் புகழ்பெற்ற ‘பார்ஸாஸ் பிரெய்ஸை’ முதலில் எடுப்பது வழக்கம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லூஸெலின் 1868, 1874ஆம் ஆண்டுத் தொகுதிகளிலிருந்து தொடங்குவதே சரி. பாடலின் அடியில் உள்ள பெயரையும் ஊரையும் விடாமல் படிக்க வேண்டும்.