தபால்தலை அளவு நெகடிவ்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "உங்ககிட்டே காலேஜ் நாள் போட்டோ ஏதாவது இருந்தா குடுங்க சார். கூடவே போட்டோகிராபி பத்தி ஒரு கட்டுரையும் எழுதிடுங்க" என்றார்கள். போட்டோ வாங்கினால் கட்டுரை இலவசம் என்ற கணக்கு போலிருக்கிறது! சரியென்று அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கினேன். உள்ளே சுருட்டி வைத்த நெகடிவ்கள். ஒவ்வொரு படமும் 18 மி.மீ.க்கு 24 மி.மீ. சாதாரணத் தபால்தலை அளவுதான்.

எதிர்ச் சுவரில் நம் 1972 குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. அந்தக் காலைப் பொழுது பலருக்கு நினைவிருக்கும். ஸ்டூடியோக்காரர் வந்து இறங்கியதே ஒரு ஊர்வலம். மரக் கேமராவைத் தூக்க ஒரு ஆள், முக்காலிக்கு ஒரு ஆள், கறுப்புத் துணியோடு அவர். எட்டு மணிக்குப் பெஞ்சு போட ஆரம்பித்து, "அசையாதீங்க, கண்ணை மூடாதீங்க" என்று சொல்லி முடிக்கும்போது மணி பத்து. ஆனால் குறை சொல்ல முடியாது. நான்கு வரிசையிலும் ஒவ்வொருவரின் சட்டைப் பொத்தான்கூட இன்றும் எண்ணலாம். அந்தப் பெரிய கேமராவிலிருந்து இந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு உலகம் வந்து சேர்ந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். நம் செட்டில் ஒருவன் கதையும் அதில் கலந்திருக்கிறது.

கையடக்கக் கேமரா என்பது புதிதல்ல. 1900-லேயே கோடாக் கம்பெனி பிரௌனி என்ற அட்டைப் பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. 1912-ல் கோட்டுப் பைக்குள் போகும் மடக்குக் கேமராவும் வந்துவிட்டது. ஆனால் அக்காலத்தில் பெரும்பாலும் நெகடிவ் எவ்வளவோ அவ்வளவுதான் படம். நெகடிவைத் தாளின் மேல் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். பெரிய படம் வேண்டுமா? பெரிய கேமராவைத் தூக்கு. இந்தக் கணக்கை உடைத்தவர் ஒரு ஆஸ்துமா நோயாளி.

அவர் பெயர் ஆஸ்கர் பர்னாக். 1879-ல் பிறந்த ஜெர்மானிய மெக்கானிக். ஓய்வு நாட்களில் துரிங்கியக் காடுகளில் நடப்பதும் படமெடுப்பதும் அவருக்குப் பிடித்தவை. அவரிடமிருந்தது 13-க்கு 18 செ.மீ. கண்ணாடித் தகடு போடும் கேமரா. கேமரா, தகடுகள், முக்காலி எல்லாம் தோளில், நெஞ்சிலோ மூச்சிரைப்பு. எப்படியாவது சுமை குறையவேண்டும் என்று, ஒரே தகட்டில் பதினைந்து இருபது சின்னப் படங்கள் விழும்படி ஒரு ஏற்பாடு செய்து பார்த்தார். பெரிதுபடுத்தினால் ஒரே மணல் தூவியது போல் புள்ளி. அந்தத் தகடுகளின் வெள்ளி மணிகள் அவ்வளவு பருமன். முயற்சி தோற்றது.

1911-ல் வெட்ஸ்லர் நகரில் மைக்ராஸ்கோப் செய்துவந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே சினிமாக் கேமரா வேலையும் அவர் கைக்கு வந்தது. சினிமா பிலிமின் மணி சன்னமானது. நீளமாக ஒரே சுருளாகக் கிடைக்கிறது. ஓரத்தில் துளைகள் இருப்பதால் பல்சக்கரம் அளவாக இழுத்துவிடும். தகட்டில் முடியாதது இதில் முடியும் என்று அவருக்குப் பட்டது. சினிமாப் படம் ஒன்று 18-க்கு 24 மி.மீ., நான்கு துளை உயரம். பர்னாக் பிலிமைப் படுக்கவைத்து எட்டுத் துளைக்கு ஒரு படம் என்று இரட்டிப்பாக்கினார். 24-க்கு 36 மி.மீ. ஆயிற்று. இன்றைக்கும் டிஜிட்டல் கேமரா விற்பவர்கள் 'புல் பிரேம்' என்று பெருமையாகச் சொல்வது இந்த அளவைத்தான். 1914-க்குள் மாதிரிக் கேமரா தயார். பிறகு உலகப் போர் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய தகட்டின் பரப்பு 234 சதுர செ.மீ. புதிய நெகடிவின் பரப்பு 8.64. இருபத்தேழில் ஒரு பங்கு! இவ்வளவு இழப்புக்கு ஈடாகக் கிடைத்தது என்ன? எடை குறைந்தது மட்டுமில்லை. பெரிய தகட்டுக்குச் சுமார் 210 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸ் வேண்டும். சின்ன நெகடிவுக்கு 50 மி.மீ. போதும். குவியத்தூரம் குறையக் குறைய, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்து தெளிவாக விழும். ஆகவே நின்று நிதானித்து அளந்து போகஸ் செய்யாமல், ஓடுகிற பிள்ளையைக்கூட எடுத்துவிடலாம். கம்பெனியில் மாக்ஸ் பெரெக் என்ற கணித வல்லுநர் அதற்காகக் கணக்கிட்ட லென்ஸ், சின்ன நெகடிவை எத்தனையோ மடங்கு பெரிதாக்கினாலும் தாங்கும் அளவுக்குக் கூர்மையாக அமைந்தது. அந்த லென்ஸ் இல்லாவிட்டால் பர்னாக்கின் கேமரா பொம்மைக் கடைக்குத்தான் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

1923-ல் இருபத்துச் சொச்சம் கேமராக்களைச் செய்து அனுபவசாலிகளிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். பலருக்கும் பிடிக்கவில்லை. ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடிய நேரம், கம்பெனிக்குள்ளும் எதிர்ப்பு. 1924-ல் நடந்த கூட்டத்தில் எல்லோர் பேச்சையும் கேட்டபின், முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ், துணிந்து இறங்குவது என்று முடிவு சொன்னார். மந்த காலத்திலும் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கவேண்டுமே என்ற கவலையும் அந்த முடிவில் இருந்தது. 1925-ல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் கேமரா வெளிவந்தது. லைட்ஸ், கேமரா இரண்டு சொற்களின் தலையையும் சேர்த்து 'லைக்கா' என்று பெயர் வைத்தார்கள்.

அதே சமயத்தில் எர்மனாக்ஸ் என்ற வேறொரு சின்னக் கேமராவும் வந்தது. 4.5-க்கு 6 செ.மீ. தகடு, மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கக்கூடிய பெரிய லென்ஸ். சட்டம் படித்த எரிச் சாலமன், தொப்பிக்குள் அதை மறைத்து நீதிமன்றத்துக்குள் கொண்டுபோய்ப் படமெடுத்தார். ராஜதந்திரிகள் இரவு நேரத்தில் களைத்துச் சாய்ந்து கிடப்பதை எல்லாம் உலகம் முதன்முதலாகப் பார்த்தது அவர் கேமரா வழியேதான். 1931-ல் பாரிஸ் விருந்தொன்றில் பிரெஞ்சுத் தலைவர் பிரியான் "இதோ வந்துட்டான்யா" என்கிற பாவனையில் அவரை நோக்கி விரல் நீட்டும் படம் பிரசித்தம். யூதரான சாலமனை நாஜிகள் 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களை அசந்த நேரத்தில் காட்டிய மனிதரின் முடிவு அது.

சின்னக் கேமரா நம் பக்கத்துக்கு வந்த கதைக்கு வருகிறேன். 1932-ல் லைக்கா வாங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன், அதன் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு திரிந்தவர். 1947-ல் இந்தியா வந்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்திஜியைச் சந்தித்துவிட்டு வெளியேறிய கொஞ்ச நேரத்தில் அண்ணல் சுடப்பட்டார். இறுதி ஊர்வலத்தைக் கூட்டத்துக்குள் நின்று எடுத்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்கள். ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்த நேரத்தில் வானில் ஒரு எரிநட்சத்திரம் போனதைத் தாமே கண்டதாக அவர் கூறியிருக்கிறார். அதே மாதம் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். 1926 முதல் தனிமையில் இருந்து, ஆண்டில் சில நாள் மட்டும் தரிசனம் தந்தவர் அரவிந்தர். அந்த அறைக்குள் நம் ஸ்டூடியோக்காரர் மரப்பெட்டியும் ஆட்களுமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டு டிசம்பரில் அரவிந்தரும் மறைந்தார்.

இதனால் பெரிய கேமரா தோற்றுவிட்டது என்று சொல்ல வரவில்லை. எட்வர்டு வெஸ்டன் என்ற அமெரிக்கர் 1930-ல் ஒரே ஒரு குடமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து, 8-க்கு 10 அங்குல நெகடிவில் எடுத்த படம் இருக்கிறது. பார்த்தால் மல்யுத்த வீரனின் முதுகோ என்று தோன்றும். அசையாத சின்னப் பொருளுக்குப் பெரிய பெட்டியும் பொறுமையும் பொருந்துகின்றன. அசைகிற மனுஷனுக்குத்தான் சின்னப் பெட்டி.

எவ்வளவு சின்னது என்பதற்கும் எல்லை உண்டு. வால்ட்டர் ஸாப் உருவாக்கி ரீகா நகரில் தயாரான மினாக்ஸின் நெகடிவ் 8-க்கு 11 மி.மீ. உளவாளிகளுக்குக் கொண்டாட்டம், நம்மைப் போன்றவர்களுக்குக் குடும்பப் படம் எடுக்கப் பிரயோஜனமில்லை. 1972-ல் வந்த கோடாக் 110 சைஸும் அப்படித்தான், போஸ்ட்கார்டு அளவுக்கு மேல் போனால் முகம் கரைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நியாயமான இடத்தைப் பிடித்தவர் ஒலிம்பஸ் கம்பெனியின் மைத்தானி யோஷிஹிசா. 1959-ல் அவர் வடிவமைத்த 'பென்' கேமரா, பர்னாக் இரட்டிப்பாக்கிய படத்தை மறுபடி பாதியாக்கியது. அதாவது பழைய சினிமா அளவே! 36 படச் சுருளில் 72 படம். காசில்லாதவனுக்கு இதைவிட வரம் வேறென்ன?

நம் விடுதியில் அப்படி ஒன்று இருந்தது. என் அறைத் தோழனின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பென். மற்றவர்களிடம் ஆக்பா கிளிக் 3. ஊட்டியில் தயாரான 'இந்து' ரோல் போட்டால் 12 படம், ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து எடுக்கவேண்டும். ஊட்டித் தொழிற்சாலையும் பின்னாளில் மூடப்பட்டது வருத்தமான கதை. நாங்களோ கோடம்பாக்கத்தில் ஷூட்டிங் மிச்சமாகும் துண்டு பிலிமைச் சல்லிசாக வாங்கி, போர்வைக்குள் கையை விட்டுச் சுருட்டி நிரப்பிக்கொள்வோம். பர்னாக் செய்ததும் இதேதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எழுபத்திரண்டு படம் இருக்கும் தைரியத்தில் தோழன் எதை வேண்டுமானாலும் எடுப்பான். மெஸ் சாம்பார் வாளி, வார்டனின் சைக்கிள், பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூங்கி வழியும் தலைகள். "ஏண்டா பிலிமை வீணாக்கறே?" என்று நானே திட்டியிருக்கிறேன்.

குரூப் போட்டோ அன்று ஒருவன் வரவில்லை. உதவித்தொகையில் படித்தவன், பெயர் வேண்டாம், செட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். வயிற்றுவலி என்றான். பிரிண்டுக்கு எல்லோரும் முன்பணம் கொடுக்கவேண்டும், அதுதான் வலி என்று பிற்பாடு புரிந்தது. அப்போதே புரிந்திருந்தால் ஆளுக்கு நாலணா போட்டிருப்போம். அன்று மத்தியானம் கிணற்றடியில் தன் ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான். தோழன் கேமராவை நீட்டவும், "டேய், சட்டையில்லாம எடுக்காதேடா" என்று ஈரச் சட்டையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு கிளிக், அவ்வளவுதான்.

1994-ல் அவன் தவறிப்போனான். சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில் அவன் மகளைச் சந்தித்தேன். அப்பாவின் காலேஜ் கால போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை என்றாள். சுவரில் இருக்கும் குரூப் போட்டோவைக் காட்டி என்ன பயன்? ஹார்லிக்ஸ் பாட்டிலைக் குடைந்ததில் அந்த நெகடிவ் கிடைத்தது. ஓரமெல்லாம் பூஞ்சை. முகம் ஒரு கடுகைவிடச் சற்றுப் பெரியது. என் பேரன் ஸ்கேன் செய்து, எட்டுக்குப் பத்து அங்குலத்துக்குப் பதினோரு மடங்கு பெரிதாக்கினான். பர்னாக்கின் தகட்டில் வந்த அதே மணல். "தாத்தா, கம்ப்யூட்டர்லே இந்தப் புள்ளியெல்லாம் எடுத்துடட்டுமா?" என்று கேட்டான். எடுத்தால் கூடவே அந்தச் சிரிப்பும் வழுவழுவென்று ஆகிவிடும் போலிருந்தது. வேண்டாம்ப்பா என்றேன்.

தம்பி தங்கையரே, உங்கள் கையிலிருக்கும் போனில் லென்ஸ் இன்னும் குட்டி. குவியத்தூரம் சில மில்லிமீட்டர்தான். எல்லாமே தெளிவாக விழுகிறது. அதனால் பெரிய கேமராவில் எடுத்தது போல் காட்ட, பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குகிறதாம்! பர்னாக் கேட்டால் சிரிப்பார். ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள்: இந்தச் சந்திப்பு நாளில் மேடையை மட்டும் எடுக்காமல் பந்தலுக்குப் பின்னாலும் ஒரு நடை போய்வாருங்கள்.

படத்தை அவன் மகளிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அங்கிள், அப்பாவுக்கு இவ்வளவு முடி இருந்துச்சா?"