சேம அச்சு: மரக்காணத்துல இருந்து கணவாய்க்கு ஒரு ரோடு ட்ரிப்

மலைக் கணவாய் வழியா ஒரு ரோடு ட்ரிப் பிளான் சொல்லுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. கர்துங் லா, ரோதாங் பத்தியெல்லாம் யூடியூப்ல நிறைய பேர் சொல்லிட்டாங்க. நாம இன்னைக்கு மரக்காணத்துல இருந்து கிளம்புறோம். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போகும்போது வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல் தெரியுமே, வண்டிய ஓரங்கட்டி போட்டோ எடுப்போமே, அந்த இடம்தான். இங்க இருந்து மலை தாண்டிப் போற பயணத்தை சங்க காலத்துல எப்படி பிளான் பண்ணாங்க, அப்படிப் போனவங்களுக்குப் பின்னாடி என்ன ஆச்சு, இதுதான் இந்த எபிசோட்.

உமணர்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? உப்பு வியாபாரிகள். கடற்கரையில விளைஞ்ச உப்பை மாட்டுவண்டியில ஏத்தி, உள்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் கொண்டுபோய் நெல்லுக்கு மாத்துனவங்க. அகநானூறு 140வது பாட்டுல அம்மூவனார் இவங்களை ரெண்டு மூணு வரியில காட்டிடுறார். கழியில உழாமலே விளைஞ்ச உப்பு. அதுக்கு விலை கூவிக்கிட்டு, கோடை வெயில்ல வெடிச்சுக் கிடக்கிற குன்றுகளைத் தாண்டிப் போறாங்க. ஏன் கோடை? உப்பு மழையில கரைஞ்சிடும். நமக்கு மலைப்பயணம்னா மழை முடிஞ்சு பச்சைப்பசேல்னு இருக்கணும். அவங்களுக்கு நேர்மாறு. சரக்குதான் சீசனை முடிவு பண்ணுது.

முதல் வேலை: ரூட்

பத்துப்பாட்டுல இருக்கிற ஆற்றுப்படை நூல்கள் கிட்டத்தட்ட பயண வழிகாட்டிகள் மாதிரி. பரிசு வாங்கிட்டு வந்த கலைஞர், எதிர்ல வர்ற கலைஞர்கிட்ட "இப்படிப் போங்க, இந்த ஊர்ல இது கிடைக்கும்"னு வழி சொல்றதுதான் அமைப்பு. நல்லூர் நத்தத்தனார் எழுதின சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்கிட்ட போறதுக்கு வழி சொல்லுது. அதுல வர்ற எயிற்பட்டினம் இன்னைய மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. அங்க அலை கொண்டுவந்து ஒதுக்கின வாசனை மரக்கட்டைகள், ஒட்டகம் படுத்துத் தூங்குற மாதிரி கிடக்குதாம். அந்த விறகுல அடுப்பு மூட்டி, வர்றவங்களுக்குச் சுட்ட மீன் தருவாங்க. அடுத்து வேலூர்ல (நம்ம கோட்டை வேலூர் இல்ல, இது வேற) புளிச்சோறும் ஆமான் கறியும். ஆமூர்ல வெள்ளைச் சோறும் நண்டும். கடைசியா கிடங்கில். அது இன்னைய திண்டிவனத்துலயே இருக்கு. மரக்காணத்துல இருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர்.

ரெண்டாவது: வண்டி

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பெரும்பாணாற்றுப்படையில கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு உப்பு வண்டியை பாகம் பாகமா விவரிக்கிறார். மத்தளம் மாதிரி முழு மரத்துல செஞ்ச சக்கரம். மேல கூரை. வாசல்ல கோழி அடையிற கூடு. யானைக்குட்டியோட முழங்கால் மாதிரி ஒரு சின்ன உரல், கட்டித் தொங்குது. முன்பக்கம் காடிப் பானை. கைக்குழந்தையோட ஒரு பெண் மாட்டை ஓட்டுறாங்க. வேப்பிலை மாலை போட்ட ஆண்கள் பக்கத்துல காவலா நடந்து வர்றாங்க. மாத்திப் பூட்ட கூடுதல் மாடுகளும் கூடவே வருது.

நாம இன்னைக்கு கேம்பர் வேன்னு இன்ஸ்டால லைக் போடுறோமே, அதேதான். ஒரு வித்தியாசம், அவங்க லீவு போட்டு வரல. அதுதான் அவங்க வீடு, கடை, ஆபீஸ் எல்லாமே.

மூணாவது: பேக்கப்

இப்போ அவ்வையார். புறநானூறு 102. தகடூர், அதாவது தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியோட மகன் பொகுட்டெழினியைப் புகழ்ந்து பாடுறாங்க. புகழ ஆரம்பிக்கிறதே ஒரு வண்டியில இருந்து. மாடு இளசு, நுகம் பழகாதது. வண்டியில பாரம் அதிகம். பள்ளத்துல இறங்கும்போதோ மேட்டுல ஏறும்போதோ என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? அதனால உமணர் வண்டிக்கு அடியில இன்னொரு அச்சைக் கட்டி வைப்பாங்க. அதுக்குப் பேரு சேம அச்சு. நீ அப்படிப்பட்டவன்டான்னு இளவரசன்கிட்ட சொல்றாங்க.

ஏன் அச்சு? சாஃப்ட்வேர் வேலையில நாங்க முதல்ல தேடுறது, எந்த ஒரு பாகம் போனா மொத்த சிஸ்டமும் நிக்கும்ங்கிறதைத்தான். மாடு சோர்ந்தா இன்னொரு மாடு இருக்கு. கயிறு அறுந்தா முடிச்சுப் போடலாம். அச்சு முறிஞ்சா, நடுக்காட்டுல மரம் வெட்டி, செதுக்கி, குடத்துக்குச் சரியா பொருத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல. அளவுக்கு மீறி ஏத்தினா மயிலிறகு வண்டிகூட அச்சு முறியும்னு வள்ளுவர் 475வது குறள்ல சொன்னதும் இதே பயம்தான்.

அதே தருமபுரியில இருந்து சேலம் போற வழியிலதான் தொப்பூர் கணவாய் இருக்கு. தேசிய நெடுஞ்சாலை 44ல போனவங்களுக்குத் தெரியும். சரக்கு லாரி நீண்ட இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா பிரேக் சூடாகிப் பிடிக்காம போயிடும். அங்க எத்தனையோ விபத்து, எத்தனையோ உயிர். பாரம், இறக்கம், பழகாத மாடு. அவ்வையார் போட்ட அதே கணக்கு இன்னும் அங்க ஓடிட்டு இருக்கு.

நாலாவது: கணவாய்

மரக்காணத்துல இருந்து மேற்கே திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை தாண்டினா செங்கம். வடக்கே ஜவ்வாது மலை. தெற்கேயும் மலைத்தொடர். நடுவுல இயற்கை விட்ட வாசல்தான் செங்கம் கணவாய். 1767ல ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இங்க சண்டை நடந்துச்சு. 1780ல ஹைதர் படை கர்நாடகப் பகுதிக்குள்ள இறங்கினதும் இந்த வழியாத்தான்.

இந்தச் செங்கத்து நன்னன்கிட்ட போக வழி சொல்ற நூல்தான் மலைபடுகடாம், 583 அடி. எழுதினவர் பெருங்கௌசிகனார். அதுல சேஃப்டி அட்வைஸ் நிறைய இருக்கு. பன்றிக்குப் பொறி வெச்சிருப்பாங்க, விடிஞ்ச பிறகு நடங்க. தினைப்புனம் காக்கிறவங்க கவண் கல் வீசுவாங்க, மரத்தோரமா ஒதுங்கிப் போங்க. பாசி வழுக்கும், பிடிச்சுக்கிட்டு இறங்குங்க. இதுல என் ஃபேவரைட்: பாதை பிரியிற இடத்துல, சரியான வழியைத் துடைச்சு, புல்லை முடிஞ்சு போட்டுட்டுப் போங்க. பின்னாடி வர்ற புது ஆளுக்கு அது அடையாளம்.

இதே மாதிரி அகநானூறு 119ல ஒரு காட்சி. உமணர் சமைச்சு முடிச்சு விட்டுட்டுப் போன அடுப்புக் கல்லுல, அடுத்து வந்த மழவர் கறி சமைக்கிறாங்க. முன்னால போனவங்க விட்டதை வெச்சுத்தான் பின்னால வர்றவங்க பயணம். எல்லாருக்கும் அது நல்லபடியா முடியல. புறநானூறு 307ல, உமணர் விட்டுட்டுப் போன ஒரு நொண்டி மாடு ஆளில்லாத காட்டுல சாவுக்குக் காத்துக்கிட்டு நிக்குது.

அந்த ரோடு என்ன ஆச்சு?

உமணருக்கு அப்புறமும் பல நூற்றாண்டு, கடற்கரை உப்பு பொதி மாட்டுலயும் கழுதையிலயும் உள்நாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு. அந்த வேலையைச் செஞ்சவங்கள்ல குறவர் சமூகத்துக் குழுக்கள் முக்கியமானவங்க. குடும்பத்தோட நகர்ந்து, உப்பைக் கொடுத்து தானியம் வாங்கினவங்க. 1805ல சென்னை மாகாணத்துல உப்பு அரசாங்கத்தோட ஏகபோகம் ஆச்சு. 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சுது. தண்டவாளம் நீள நீள உப்பு ரயில் ஏறிடுச்சு. பொதி மாட்டுக்கு வேலை இல்ல.

அடுத்து நடந்ததை வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா விரிவா எழுதியிருக்காங்க. பிழைப்பு போன பிறகும் ஊர் ஊராப் போனவங்களை அரசாங்கம் சந்தேகமாப் பார்த்துச்சு. 1871ல வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. பட்டியல்ல பேர் இருந்தா கைரேகை கொடுக்கணும், போலீஸ்ல ஆஜராகணும், ஊரை விட்டுப் போக அனுமதி வாங்கணும். நாடு முழுக்க அது ரத்தானது 1952லதான்.

யோசிச்சுப் பாருங்க. எந்தக் கணவாய்ல தண்ணி இருக்கு, எந்த இறக்கத்துல அச்சு முறியும்னு தலைமுறை தலைமுறையா தெரிஞ்சு வெச்சிருந்தவங்க. அவங்க நடமாட்டமே ஒரு காலத்துல குற்றம் ஆச்சு. நாம ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பேக் பண்ணி, யாரையும் கேட்காம கிளம்பிடுறோம். ரோடு ட்ரிப்னா ஃப்ரீடம்னு ஸ்டேட்டஸ் வேற போடுறோம். அந்த ஃப்ரீடம் ரோட்டோட சேர்ந்து தானா வர்றது இல்ல.

அதனால பிளான் இதுதான். மரக்காணத்துல உப்புக் குவியல் முன்னாடி போட்டோ எடுக்கிறப்போ, அந்த வெயில்ல வேலை செய்யிறவங்க தங்களையும் எடுக்க விரும்புறாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. செங்கம் பக்கம் நடுகற்கள் நிறைய இருக்கு, நின்னு பாருங்க. ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாருங்க. தொப்பூர் இறக்கத்துல கியரைக் குறைச்சு மெதுவா இறங்குங்க, பாரம் ஏத்தின லாரிக்கு முன்னாடி போய் நுழையாதீங்க. நீங்க கண்டுபிடிச்ச நல்ல வழியை, மோசமான வளைவை, தண்ணி கிடைக்கிற இடத்தை அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டுப் போங்க. புல்லு முடிஞ்சு போடுற வேலை இன்னும் மிச்சம் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.