ஆண் கையும் பெண் கையும்

ஆண்மை இயற்கை தந்த கொடை என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். ஆனால் அஃது அவ்வக் காலச் சமுதாயம் வகுத்துக்கொள்ளும் இலக்கணமே என்பதை வரலாறு காட்டுகிறது. ஜப்பானிய இலக்கிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

794 முதல் 1185 வரையிலான ஹெயன் காலத்தில், தலைநகர் கியோட்டோவின் அரசவை ஆடவன் வாள்வீச்சால் மதிக்கப்பெற்றவன் அல்லன். பாட்டுக்குப் பாட்டால் மறுமொழி தருதலும், கையெழுத்தின் எழிலும், ஆடையின் வண்ணமும் நறுமணமும் தேரும் திறனுமே அவன் தகுதியை அளந்தன. பிரிவில் கண்ணீர் சிந்துவது இழுக்கன்று, உணர்வுடைமைக்கு அடையாளம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்னும் பெண்மணி இயற்றிய ‘கெஞ்சி கதை’யின் தலைவன் பலகால் அழுகிறான்.

ஆயினும் அங்கும் ஒரு வேலி இருந்தது. சீன எழுத்து ‘ஆண் கை’ எனப்பட்டது. தாய்மொழி ஒலியை எழுதும் கானா எழுத்து ‘பெண் கை’ எனப்பட்டது. ஆடவர் பாட்டுக்குக் கானாவைக் கையாண்டனர்; நாட்குறிப்பையோ சீனத்திலேயே எழுதினர்.

இவ்வேலியைக் கடந்தவர் கி நோ சுராயுகி. 905ஆம் ஆண்டையொட்டி அரசாணைப்படி எழுந்த ‘கொக்கின்ஷூ’ தொகைநூலின் தொகுப்பாசிரியர் நால்வருள் ஒருவர். தோசா மாநில ஆளுநராக இருந்து 935இல் தலைநகர் திரும்பிய அவர், அப்பயணத்தைக் கானாவில் ‘தோசா நாட்குறிப்பு’ ஆக்கினார். அதில் பேசுபவர் ஆளுநர் அல்லர். உடன் வரும் ஒரு பெண். தோசாவில் மகளைப் பறிகொடுத்து வெறுங்கையராய் வீடு திரும்பும் பெற்றோரின் துயர் அந்நூலில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. அவர் பெண் குரல் பூண்டதற்கு அறிஞர் பல காரணம் கூறுவர். அலுவல் குறிக்கும் ஆண் கையில் இத்துயருக்கு இடமில்லை என்பதே என் கருத்து.

பின்னர் வந்தது போர்வீரர் ஆட்சி. அதுவும் மறைந்து, 1876இல் சாமுராய்கள் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டது. அதற்கும் பின்னர், 1900இல், நிதோபே இனாசோ ‘புஷிதோ’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். உணர்ச்சியை முகத்தில் காட்டாமையே வீரனுக்கு அழகு என்றது அந்நூல். உலகம் அதனையே ஜப்பானியரின் தொன்மையான ஆண்மை என நம்பியது. அழுத கெஞ்சி மறக்கப்பட்டான்.

நம் மரபிலும் இவ்விரட்டை நிலை உண்டு. தொல்காப்பியம் ஆடவர்க்கு வலிமையையும் பெண்டிர்க்கு நாணத்தையும் வகுத்தது. ஆனால் அகப்பாடல்களில் ஆண்பாற் புலவர் பலர் தலைவியின் குரலில் பேசினர். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். ஆடவர் நெஞ்சம் நெகிழ்வதற்குத் தமிழ் திறந்துவைத்த வாயில் அது. எனினும் அவ்வாயில் பெண் குரலின் வழியாகவே திறந்தது என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இன்றும் ஐந்து வயதுச் சிறுவனிடம் ‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தந்தை, கண்ணீரை விழுங்கிக்கொண்டு பந்தல் வேலையைக் கவனிக்கப் போகிறார். அவர் துயரைப் பெண் குரலில் பாடப் புலவர் உளர். அவருடைய குரலிலேயே பாடுவோர் யாவர்? பத்தாண்டு கண்ட நம் மன்றத்தின் கவிஞர் பெருமக்கள்முன் இவ்வினாவை வைக்கின்றேன்.